வந்தாறுமூலைக்கு ஒரு கோரிக்கை

செங்கலடிச் சந்தியிலே பதுளை வீதி தொடங்குகின்றது. அவ்வழியே மேற்கு நோக்கிச் சென்றால் கரடியனாறு, உறுகாமம் என வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது எமது கமக்காரரின் உலகம். அதே சந்தியிலிருந்து வாழைச்சேனைப் பக்கமாகச் சிறிது தூரம் சென்றால் வந்தாறுமூலை; அங்கே நிற்பது கிழக்குப் பல்கலைக்கழகம். ஒரு சந்தியிலே பிரிந்த இவ்விரண்டு உலகங்களும் பின்னர் எங்கேனும் சந்தித்துக்கொண்டனவா? போதுமான அளவு சந்திக்கவில்லை என்பதே எமது முறைப்பாடு.

பல்கலைக்கழகத்தின்மீது எமக்குப் பகையில்லை, பாசமே உண்டு. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்திலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனம், ஒரு தலைமுறை ஏழைப் பிள்ளைகளுக்குக் கண் திறந்தது. நெல் விதைத்த கையின் பிள்ளை இன்று ஆசிரியனாக, கணக்காளனாக, விரிவுரையாளனாக நிற்கின்றான் என்றால், அதில் அவ்வளாகத்தின் பங்கு பெரிது. அன்றியும் அந்த மண் எமக்குக் கல்வி நிலம் மட்டுமன்று. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், உயிருக்கு அஞ்சி அவ்வளாகத்திலே தஞ்சம் புகுந்திருந்த மக்களுள் 158 பேர் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அந்த மரங்களின் நிழலிலே நடக்கும்போது இதை மறந்து நடக்க எம்மால் இயலவில்லை.

இத்தகைய பல்கலைக்கழகத்திடம் நாம் கேட்பது ஒன்றே. மட்டக்களப்பு நாட்டின் பண்பாட்டையும் வரலாற்றையும் சமுதாயத்தையும் ஆராய்வதற்கெனத் தனி ஆராய்ச்சி நிறுவகமொன்று அங்கே எழவேண்டும். தமிழ்த் துறை உண்டு, வரலாற்றுத் துறை உண்டு, கல்லடியிலே சுவாமி விபுலானந்தர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. இன்னுமொன்று எதற்கு எனக் கேட்பார் உளர். துறை வேறு, ஆராய்ச்சி நிறுவகம் வேறு. துறையின் தலையாய கடமை மாணவருக்குப் பாடம் நடத்தித் தேர்வு வைப்பது. நாம் கேட்கும் நிறுவகத்தின் கடமையோ, பாடத்திட்டத்தில் இல்லாததைத் தேடிப் புறப்படுவது. ஏட்டையும் உறுதியையும் கூத்துக் கொப்பியையும் கிழவியின் வாய்ச்சொல்லையும் ஒரு கூரையின் கீழ்த் திரட்டி, படியெடுத்து, பதிப்பித்து, வருவோர் போவோர் எவருக்கும் திறந்து வைப்பது.

இது எட்டாத கனவோ என ஐயுறுவோருக்கு நாம் வியட்நாமைக் காட்டுவோம். போரினால் அழிந்த நாடென்று மட்டுமே எம்மவர் அந்நாட்டை அறிவர். வியட்நாம் மக்களுக்கு நேர்ந்த இன்னொரு துன்பம் உண்டு. தம் பாட்டன் எழுதி வைத்ததைப் பேரன் வாசிக்க முடியாது. பல நூற்றாண்டுகளாகச் சீன எழுத்திலும், சீன எழுத்தைத் தழுவித் தம் மொழிக்கென அமைத்துக்கொண்ட ‘நோம்’ எழுத்திலும் எழுதி வந்த அவர்கள், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உரோம எழுத்துக்கு மாறினர். ஊர்க் கோயிலின் கல்வெட்டும், குடும்பத்தின் வழிமுறை ஏடும், வைத்தியச் சுவடியும் திடீரென ஊமையாயின. அவற்றை மீண்டும் பேச வைப்பதற்காக ஹனோயில் ஒரு குழு அமைக்கப்பட்டது; 1979இல் அது ‘ஹான் நோம்’ ஆய்வு நிறுவனம் எனத் தனி நிறுவனமாயிற்று. குழு அமைந்த ஆண்டு யாது தெரியுமா? 1970. அமெரிக்காவோடு போர் ஓயாத காலம். அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1968இல், தொல்லியல் நிறுவனத்தையும் அதே நகரில் நிறுவியிருந்தனர். உயிர் பிழைப்போமா என்பதே உறுதியில்லாத நாட்களிலே ஒரு மக்கள் கூட்டம் தன் பழைய ஏடுகளைப் பற்றிக் கவலைப்பட்டது. போர் முடியட்டும், பஞ்சம் தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் இருக்கவில்லை.

பல்கலைக்கழகங்களும் பின்னிற்கவில்லை. ஹனோயில் 1980களின் இறுதியிலே பல்கலைக்கழக ஆய்வு நிலையமாகத் தொடங்கிய முயற்சி, வியட்நாமின் வரலாறு, பண்பாடு, சமுதாயம், அபிவிருத்தி அனைத்தையும் ஒருங்கே ஆராயும் நிறுவனமாக, தேசியப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக, 2004இல் உயர்ந்தது. 1998இல் உலகெங்குமிருந்து வியட்நாமியல் அறிஞரை ஹனோய்க்கு அழைத்து முதலாவது அனைத்துலக மாநாட்டை நடத்தினர். தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தவர்கள், ‘எம் வீட்டுக்கு வந்து பேசுங்கள்’ என்று பிறரை அழைக்கும் நிலைக்கு வந்தனர்.

வியட்நாமுக்கும் தமிழுக்கும் இடையே ஒரு வேடிக்கையான தொடர்பும் உண்டு. இந்தோசீனத்தை ஆராய்வதற்கென 1898இல் சைகோனிலே பிரெஞ்சுக்காரர் ஒரு பணியைத் தொடங்கினர். பின்னர் அது தூரகிழக்குப் பிரெஞ்சுக் கல்லூரி என்ற பெயருடன் ஹனோயில் வேரூன்றியது. வியட்நாம் அவர்கள் கையை விட்டுப் போனபின் அதே ஆராய்ச்சி மரபு புதுச்சேரிக்கு வந்தது. 1955இல் ழான் ஃபிலியோசா தலைமையிலே அங்கே பிரெஞ்சு நிறுவனம் தொடங்கிற்று. தமிழ்நாட்டுக் கோயில்களிலும் மடங்களிலும் சைவக் குடும்பங்களிலும் சிதறிக் கிடந்த ஏடுகளை அவர்கள் தேடித் தேடிச் சேர்த்தனர். அவ்விரு பிரெஞ்சு நிறுவனங்களின் சேமிப்பிலே உள்ள 11,000 அளவிலான சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்த்தது. எம் ஆகமங்களைக் காத்தவர் பிரெஞ்சுக்காரர்! இதில் அவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அந்நன்றியின் அடியிலே ஒரு வெட்கமும் இருக்கவேண்டும்.

அந்த வெட்கம் மட்டக்களப்பிலே இரட்டிப்பு. எமது குடிமுறையை, கோயில் முறையை, சீதன முறையை முழுமையாக அறிய விரும்பும் ஒரு மாணவன் இன்று எந்த நூலை எடுக்கவேண்டும்? 1969 தொடக்கம் அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்து, 2008இல் பெருநூல் வெளியிட்ட அமெரிக்கப் பேராசிரியர் டெனிஸ் மெக்கில்வ்ரேயின் நூலை எடுக்கவேண்டும். மண்டூர் முருகன் கோயிலின் நடைமுறையை அறிய மார்க் விற்றேக்கர் 1999இல் எழுதிய நூல். போர்க்காலத்து மட்டக்களப்பின் சிறுவர் வாழ்வை அறிய மார்கரெட் டிராவிக் 2007இல் எழுதிய நூல். எம்மிடையே வாழும் பறங்கியர் பேசும் போர்த்துக்கேய மொழி மறைந்து போகுமுன் அதைப் பதிவு செய்ய லிஸ்பன் பல்கலைக்கழகத்தார் கடல் கடந்து வந்தனர். இவர்கள் ஒவ்வொருவரும் உழைப்பாளிகள். எம்மக்களோடு சோறுண்டு பாய் விரித்துப் படுத்தவர்கள். ஆனால் இந்நூல்களெல்லாம் ஆங்கிலத்தில் உள்ளன. எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் வாசிக்க முடியாத மொழியிலே, அவர் வாங்க முடியாத விலையிலே உள்ளன.

எம்மவர் எழுதவில்லையா? எழுதினர். எழுதியவர்கள் தனி மனிதராக எழுதினர் என்பதே கவனிக்கத்தக்கது. எஸ். ஓ. கனகரத்தினம் அவர்கள் 1921இல் மட்டக்களப்பு மாவட்டம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் தந்தார். தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவிகளைத் திரட்டினார். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதினார். 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலிருந்து வந்து எமது அண்ணாவிமாரின் காலடியில் அமர்ந்து, 1962இல் அலங்காரரூபன் நாடகத்தை அச்சேற்றியதோடு, கர்ணன் போரையும் இராவணேசனையும் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அம்மேடையிலே ஆடிய மட்டக்களப்பு மாணவரான சி. மௌனகுரு பின்னாளில் எமது மரபுவழி நாடகங்களையே தம் ஆய்வுப் பொருளாக்கினார். கணக்கிட்டுப் பாருங்கள்: எங்கேனும் ஒரு தனி மனிதர் எழும்பும்போது வேலை நடக்கின்றது. அவர் ஓய்ந்தால் வேலையும் ஓய்கின்றது. அவர் திரட்டிய ஏடுகள் அவருடைய பெட்டகத்திலே, அவருக்குப்பின் கறையான் வாயிலே.

சுவாமி விபுலானந்தரின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. காரைதீவிலே 1892இல் பிறந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர்; 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. மட்டக்களப்பான் ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் சிதம்பரத்துக்கோ கொழும்புக்கோ போகவேண்டியிருந்த காலம் அது. அன்று இங்கே பல்கலைக்கழகம் இல்லை, குறை சொல்வதற்கில்லை. இன்று இருக்கின்றது.

நாம் சட்டத்தொழில் புரிபவர். ஆகவே இவ்விடயத்தை எம் தொழிலின் கண்ணாடியால் நோக்குவதைப் பொறுத்தருள வேண்டும். எழுதி வைக்கப்பட்டதற்கும் வைக்கப்படாததற்கும் உள்ள வேறுபாட்டை இத்தீவிலே இரண்டு தமிழ் வழமைகளின் கதை காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது. யாழ்ப்பாணத்தின் தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் தொகுத்தெழுதி, பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டிச் சரிபார்த்தார். ஆங்கிலேயர் வந்தபின் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வலுக் கொடுத்தது. முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் இன்றும் நீதிமன்றிலே தேசவழமை உயிரோடு உள்ளது.

மட்டக்களப்பிலும் ஒரு வழமை இருந்தது. முக்குவ வழமை என்பது அதன் பெயர். தாய்வழியாக வரும் முதுசச் சொத்து, இறந்தவனின் பிள்ளைகளுக்கன்றி அவன் உடன்பிறந்தாளின் மக்களுக்குப் போவது அதன் அடிப்படை. இங்குள்ள நீதிமன்றிலே அவ்வழமை வழக்காடப்பட்டது. அதை முறையாகத் தொகுக்க எவரும் முன்வராத நிலையிலே, பிரிட்டோ என்பவர் அதுபற்றி ஆங்கிலத்திலே ஒரு நூல் வெளியிட்டார். வெளியிட்ட ஆண்டு 1876. அதே 1876இல் அரசாங்கம் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் கண்டியரையும் முஸ்லிம்களையும் தேசவழமைக்குட்பட்ட வடபகுதித் தமிழரையும் விலக்கி, ஏனையோர் யாவர்க்கும் பொதுவிதி வகுத்தது. விலக்கப்பட்டோர் வரிசையிலே மட்டக்களப்பார் இல்லை. அத்தோடு முக்குவ வழமையின் ஆயுள் முடிந்தது. பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் ஒரே ஆண்டில்!

அவ்வழமையை மீட்க வேண்டுமென்று நாம் வாதாட வரவில்லை. பெற்ற பிள்ளை இருக்க மருமகனுக்கு வயலை எழுத இன்று எந்தப் போடியாரும் உடன்படார், நாமும் உடன்படோம். ஆனால் பெண் பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்து, மணமகனை அங்கே குடியேற்றும் முறை இன்றும் எம் ஊர்களிலே நிலைத்திருக்கின்றதே, அது எங்கிருந்து வந்தது? கோயிலிலே காலிங்காகுடிக்கு ஒரு முறை, உலகிப்போடிகுடிக்கு ஒரு முறை எனச் சிறப்புரிமைகள் வகுக்கப்பட்டிருக்கின்றனவே, அவற்றின் அடிப்படை யாது? சட்டப் புத்தகத்திலே செத்தது, வாழ்க்கையிலே சாகவில்லை. வாழ்க்கையிலே உள்ளதைப் பதிந்து வைக்க ஓர் இடமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோயில் வழக்கிலே நாம் தோன்றினோம். எக்கோயில் என்பது வேண்டாம். வண்ணக்கர் பதவி எக்குடிக்கு உரியது என்பதே பிணக்கு. எம் கட்சிக்காரர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். கோயில் முறையை எழுதிய ஏடு தம் வீட்டிலே உண்டென்றார். கொண்டு வந்தார், திறந்தபோது முக்கால் பங்கைக் கறையான் தின்றிருந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கெட்டிக்காரர். வெளிநாட்டு அறிஞர் ஒருவரின் நூலிலிருந்து இரண்டு பக்கங்களைப் படியெடுத்து நீட்டினார். நீதிமன்றம் அதைக் கவனத்தோடு வாசித்தது. வெளியே வந்ததும் பெரியவர் வேப்பமரத்தடியில் நின்று எம்மிடம் சொன்னார்: “மனே, நாங்க செய்யிறத்த வெள்ளக்காரன் எழுதினாக் கோடு நம்புது. செய்யிற நான் சொன்னா நம்புதில்லையே.” அந்நூலை எழுதியவருக்கு அன்று அவர் கூறிய விளக்கமும் அதிலே உண்டென்பது பின்னரே எமக்குத் தெரியவந்தது. தாம் சொன்ன சாட்சியமே தமக்கெதிராகத் திரும்பி வந்திருக்கின்றது.

நீதிமன்றத்தைக் குறைகூறிப் பயனில்லை. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 13ஆம், 48ஆம் பிரிவுகள் வழமையும் வழக்காறும் எவ்வாறு எண்பிக்கப்படலாம் என்பதைக் கூறுகின்றன. வழமையை அறிந்தோரின் அபிப்பிராயத்துக்கும் இடமளிக்கின்றன. இடம் சட்டத்தில் உண்டு. அவ்விடத்தை நிரப்ப எம்மிடம் ஆவணம் இல்லை.

இது கோயிலோடு நின்றுவிடும் விடயமானால் நாம் இத்தனை தூரம் எழுதியிருக்க மாட்டோம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரையைப் பற்றிச் செங்கலடியாருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்தோர் அத்தரையிலே பயிரிடத் தொடங்கியதனால் பட்டிகளோடு ஒதுக்கப்பட்ட பாற்பண்ணையாளர், 2023 செப்டெம்பரிலே சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து போராட்டம் தொடங்கினர். ‘இது எங்கள் அப்பன் பாட்டன் மாடு மேய்த்த தரை’ என்பது அவர்களின் வாதம், உண்மையான வாதம். மாரி வேளாண்மைக் காலத்திலே வயலை விட்டு மாடுகள் எவ்வழியாக எத்தரைக்குச் சாய்க்கப்பட்டன, எப்பட்டி எவ்விடத்திலே அடைக்கப்பட்டது, எம்மாட்டுக்கு எக்குறி சுடப்பட்டது என்பனவெல்லாம் மாடு வளர்ப்போர் நினைவிலே உண்டு. தாளிலே உண்டா? வரைபடத்திலே உண்டா? மகாவலி அதிகார சபையிடம் வரைபடம் உண்டு. வன இலாகாவிடம் உண்டு. நினைவை வைத்துக்கொண்டு வரைபடத்தோடு வழக்காடுவது எவ்வளவு கடினம் என்பதை நாம் அறிவோம்.

2020 ஜூன் மாதத்தையும் நினைவிற் கொள்ளுங்கள். கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்வதற்கென அன்றைய சனாதிபதி ஒரு செயலணியை அமைத்தார். அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் பழமையை ஆராய அமைத்த அச்செயலணியிலே, அமைத்தபோது ஒரு தமிழரேனும் ஒரு முஸ்லிமேனும் இல்லை. கண்டித்தோம்; கண்டித்தது சரியே. ஆயினும் ஒரு கேள்வியை எம்மை நோக்கியும் கேட்கவேண்டும். ‘இக்குன்றின் வரலாறு இது, இக்குளத்தின் பழம்பெயர் இது, இக்கல்வெட்டின் வாசகம் இது’ என்று எம் கைச்சரக்காக எடுத்து முன்வைக்க எத்தனை தொகுதிகளை நாம் ஆயத்தமாக வைத்திருந்தோம்? கண்டன அறிக்கை ஒரு நாளிலே எழுதலாம். ஆராய்ச்சித் தொகுதி ஒரு நாளிலே எழுதப்படுவதன்று. அரசு பாளி, பௌத்த ஆய்வுக்கெனக் களனியோடு சேர்ந்து பட்டப்பின் படிப்பு நிறுவகம் வைத்திருக்கின்றது. தொல்லியலுக்கு மற்றொன்று வைத்திருக்கின்றது. அவை இருப்பதில் எமக்குப் பொறாமையில்லை. அவை பயன்தரும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுள்ளதால், எம் கோரிக்கை எளிதாகின்றது.

தடைகள் கூறுவோரும் உளர். முதலாவது தடை, இது பிரதேசவாதம் என்பது. மட்டக்களப்பை மட்டும் தனித்து ஆராய்வது தமிழரைப் பிரிக்கும் என்பர். தனிநாயக அடிகள் 1964இல் டில்லியிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தபோது, தமிழ் எங்கெங்கு வாழ்கின்றதோ அங்கங்கெல்லாம் அதை ஆராயவேண்டும் என்பதையே நோக்கமாகக் கொண்டார். அம்மன்றத்தின் மாநாடு 1974இல் யாழ்ப்பாணத்திலே நடந்தபோது ஒன்பது உயிர்களை இழந்தோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபோது மட்டக்களப்பும் அழுதது. யாழ்ப்பாணத்துக்குத் தேசவழமை, மட்டக்களப்புக்கு முக்குவ வழமை, இரண்டும் தமிழருடையவை. ஒரு கையின் ஐந்து விரலையும் தனித்தனியே எண்ணினால் கை பிளவுபடுமா? ஓரிடத்திலே வைத்த நூல்கள் ஒரே இரவிலே சாம்பலானதைக் கண்ட பின்னும், எல்லாவற்றையும் ஓரிடத்திலேயே வைக்கவேண்டும் என்று எவரேனும் சொல்வாராயின் அவரோடு நாம் வாதாடப் போவதில்லை.

பிரதேசவாதம் என்பதைவிட எமக்கு அச்சந்தருவது வேறொன்று. இந்நிறுவகம் தமிழ்ச் சைவரின் பெருமைக் கூடமாக மாறிவிடக்கூடாது. மட்டக்களப்பின் சமுதாயம் தமிழரும் முஸ்லிம்களும் பின்னிப் பிணைந்தது. தாய்வழிக் குடிமுறை எம்மிடம் மட்டுமன்று, கிழக்குக் கரை முஸ்லிம்களிடமும் உண்டு. எங்கள் கோயிலுக்கு வண்ணக்கர் போல அவர்கள் பள்ளிவாசலுக்குக் குடிவாரியாக மரைக்காயர் இருந்தனர். பெண்ணுக்கு வீடு கொடுக்கும் முறை அவர்களிடமும் உண்டு. செங்கலடிக்கு அடுத்த ஊர் ஏறாவூர். ஒரே வட்டையிலே அடுத்தடுத்த வரம்பு. 1990 ஆகஸ்டிலே ஏறாவூர் முஸ்லிம்கள் உறக்கத்திலே கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் வந்தாறுமூலையிலே தமிழர் காணாமற் போயினர். முதலாவதை விட்டு இரண்டாவதை மட்டும் எழுதும் வரலாறு, வழக்கிலே ஒரு பக்கச் சாட்சியைப் போன்றது. குறுக்கு விசாரணையிலே நிற்காது. வாகரைப் பக்கத்து வேடரும், நகரத்துப் பறங்கியரும், கூத்துக்கும் கோயிலுக்கும் பறைமேளம் முழக்கிய மக்களும் அங்கே தத்தம் பெயரோடு இடம்பெற வேண்டும். பறைமேளக்காரரின் தாளக்கட்டை எழுதாமல் எமது கலை வரலாறு எழுதப்படுமாயின் அது அரைகுறை.

இரண்டாவது தடை பணம். இதைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. மாளிகை கேட்கவில்லை. இரண்டு அறை, ஈரம் புகாத அலமாரிகள், ஏட்டைப் படம் பிடிக்கும் கருவி, ஒலிப்பதிவுக் கருவி, ஊர் ஊராகப் போக மனமுள்ள நான்கு இளைஞர். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் தன்னார்வலர்களைக் கொண்டு ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இலக்கமுறைப்படுத்தி உலகெங்கும் எட்டச் செய்திருக்கின்றனர். அவர்களிடம் கற்கலாம், அவர்களோடு கைகோக்கலாம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பல்கலைக்கழகத்தோடு நிறுவகங்கள் அமைய இடந்தருகின்றது. ஆகவே மூதவையும் பேரவையும் மனம் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்புவதே முதற்படி. எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அதற்குத் துணைநிற்க வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே மட்டக்களப்பு உறுப்பினர் ஒவ்வொருவரும் இதைக் குறித்துப் பேசினாரா இல்லையா என்பதை நாம் குறித்து வைப்போம். வாக்காளரும் குறித்து வைக்கலாம்.

கமக்காரரிடம் எமக்கு வேறொரு வேண்டுகோள். ஆராய்ச்சி என்பது படித்தவர் வேலை என்று ஒதுங்காதீர்கள். அதற்கு வேண்டிய மூலப்பொருள் உங்கள் வீட்டுப் பரணிலே இருக்கின்றது. களவெட்டியிலே சூடடிக்கும்போது வழக்கமான சொற்களை விலக்கி வேறு சொற்கள் பேசினீர்களே, அச்சொற்கள் முழுவதும் எந்த அகராதியிலே உண்டு? வெட்டும் இயந்திரம் வந்தபின் களவெட்டியும் போயிற்று, அம்மொழியும் போகின்றது. வட்டை விதானைமார் தண்ணீர் பங்கிட்ட முறை, முல்லைக்காரனின் கூலிக் கணக்கு, மரைக்காலும் அவணமுமாக அளந்த அளவை, வைகாசிக் குளிர்த்தியிலே கப்புகனார் பாடும் முறை, கொம்புமுறியிலே வடசேரி தென்சேரி என ஊர் பிரிந்து நின்ற கதை, இவையெல்லாம் அறுபது வயதுக்கு மேற்பட்டோரின் நெஞ்சிலேதான் முழுமையாக உள்ளன. 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளி எத்தனை வீட்டுக் கூரைகளோடு எத்தனை ஏட்டுக் கட்டுகளைக் கொண்டுபோயிற்று என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. 2004 டிசம்பரிலே கடல் கொண்டதற்கும் கணக்கில்லை.

ஒரு நியாயமான அச்சம் உங்களுக்கு உண்டென்பதை நாம் அறிவோம். கூத்துக் கொப்பியை வாங்கிச் சென்றவர் திருப்பித் தரவில்லை என்ற குறையை எத்தனையோ அண்ணாவிமார் எம்மிடம் கூறியிருக்கின்றனர். பட்டம் பெற்றவர் பட்டத்தோடு போய்விட்டார், கொப்பியும் போய்விட்டது. ஆகவே நிறுவகம் எழுமுன்னரே அதன் விதிகளிலே இதை எழுதிவிட வேண்டும்: எந்த ஏட்டையும் எந்தக் கொப்பியையும் நிறுவகம் உரிமையாக எடுத்துக்கொள்ளாது, உடையவர் முன்னிலையிலேயே படியெடுத்து மூலத்தை அன்றே திருப்பிக் கொடுக்கும், படியின் ஒரு பிரதியை அவருக்கும் கொடுக்கும், சொன்னவர் பெயரை, அவர் விரும்பினால், நூலின் முகப்பிலேயே அச்சிடும். நிறுவகம் வெளியிடும் ஒவ்வொன்றும் முதலில் தமிழில் வரவேண்டும். இவ்விதிகளை வரைந்து கொடுக்கும் பணியை ஊதியமின்றி ஏற்க மட்டக்களப்புச் சட்டத்தரணிகள் சிலர் ஆயத்தமாக உள்ளோம்.

பேரவைக்கு அனுப்பவேண்டிய விண்ணப்பத்தின் வரைவு எழுதப்பட்டாயிற்று. செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, ஏறாவூர், கரடியனாறு ஆகிய ஊர்களின் கமக்காரர் அமைப்புகள், கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபையினர், ஆசிரியர் சங்கத்தார் ஆகியோரிடம் கையொப்பம் பெறுவது அடுத்த வேலை. மாரி மழை தொடங்கினால் படுவான்கரைப் பாதைகள் வெள்ளத்தில் மூழ்கும்; விதைப்பும் தொடங்கிவிடும், எவருக்கும் நேரமிராது. ஆகையால் புரட்டாதி முடியுமுன் ஊர்தோறும் வருவோம். வரும்போது கையொப்பத் தாளோடு ஒரு வெற்றுக் கொப்பியும் கொண்டு வருவோம். எந்த வீட்டிலே என்ன ஏடு இருக்கின்றது என்பதை அப்போதே குறித்துக்கொள்வதற்காக.